அரசலாற்றுப் படியில் படித்த கால்குலஸ்

டீச்சர், நீங்கள் எங்களுக்குக் கால்குலஸ் நடத்தவே இல்லை.

போன மாதம் பழைய மாணவிகள் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து நீங்கள் சொன்னீர்கள்: "இப்ப உள்ள புள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் போனு, நெட்டு. எங்க காலத்துல அதெல்லாம் ஏது? கால்குலஸ் வரைக்கும் நான் கரும்பலகையிலயே நடத்தி முடிச்சேன். ஒரு புள்ள வெளியில உதவி தேடிப் போனதில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்படித் தட்டியதை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அழகாக எழுத வராது. மின்துறையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, கரண்டு வரவில்லை என்று வரும் புகாருக்குப் பதில் எழுதினேன். என் எழுத்துப் பழக்கம் அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. காரைக்கால் சின்ன ஊர். படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும்.

எழுபதுகளின் கடைசி. பிளஸ் டூ வந்த புதிது. அதுவரை காலேஜில் பி.யூ.சி.யில் இருந்த கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்துவிட்டது. முதல் குரூப்பில் நாங்கள் பதினாறு பெண்கள். நீங்கள் அதுவரை பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். திடீரென்று உங்களை மேலே ஏற்றி எங்கள் வகுப்பில் நிறுத்தினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அல்ஜீப்ரா நீங்கள் நடத்தினால் நாங்கள் மூச்சுவிடாமல் கேட்போம். இடது கையால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே வரியாக எழுதிக்கொண்டே போவீர்கள். சாக்பீஸ் கிறீச்சிடாது. கடைசியில் இரண்டு கோடு போட்டு அடித்து, திரும்பி எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே நான் கணக்கை விரும்பினேன். இன்றைக்கும் யாராவது பலகையில் எழுதினால் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. அதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது.

பாடப் புத்தகத்தின் இரண்டாம் பகுதியில் 'எல்லை' என்ற அத்தியாயம் வந்தது. அதற்குப் பிறகு வகையிடல், அதற்கும் பிறகு தொகையிடல். மூன்றும் சேர்ந்ததுதான் கால்குலஸ். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "இந்த மூணு பாடமும் சாய்ஸ்ல விட்டுருங்க. பரீட்சைக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

ஒருத்தி எழுந்து, "அடுத்த வருஷம் இதுலேர்ந்துதானே நிறைய வருது டீச்சர்?" என்று கேட்டாள்.

"அடுத்த வருஷம் வரைக்கும் நீ இந்த குரூப்புல இருந்தா பாத்துக்கலாம், உக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் என் பக்கத்தில் உட்காருபவள். பெரிய பள்ளிவாசல் பக்கத்துத் தெரு. வாப்பா சிங்கப்பூரில் இருந்தார். வகுப்பில் அவளைப் போலக் கணக்குப் போடுகிறவள் கிடையாது. நான் பேனாவைத் திறப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிடுவாள்.

நீங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. முழுஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறாதவர்கள் முதல் குரூப்பில் தொடர முடியாது, வேறு குரூப்பில் சேர்ந்து மறுபடி பதினொன்றாம் வகுப்பு படிக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கேள்வித்தாள் நீங்கள் எடுப்பதும் இல்லை, வெளியிலிருந்து பொதுவாக வரும். அதில் கால்குலஸ் எவ்வளவு வரும் என்று உங்களுக்கே தெரியாது. கால்குலஸ் தெரியாமல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்து எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. அவளுக்குக் காலேஜில் கணக்கு எடுத்துப் படிக்க வேண்டும். எனக்கு அவள் போகிற இடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் லட்சியம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஆள் இல்லை. ஆண்கள் பள்ளி வாத்தியாரிடம் டியூஷனுக்குப் போக என் வீட்டில் விடமாட்டார்கள். என் அப்பா கொம்யூன் பஞ்சாயத்தில் குமாஸ்தா. ஆபீசில் அவர் குரலே வெளியில் வராது. அதற்கெல்லாம் சேர்த்து வீட்டில் பேசுவார்.

இப்போது என் அண்ணன் பேத்தி சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிக்கிறாள். யாரோ ஒருவர் எங்கிருந்தோ வளைகோடு வரைந்து காட்டுகிறார். புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடி கேட்கிறாள். அதுவும் புரியாவிட்டால் வேறு ஆளை மாற்றுகிறாள். எனக்குக் கிடைத்தவரும் எங்கிருந்தோதான் வரைந்து காட்டினார். ஒரு கோடு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுதான் வித்தியாசம்.

எங்கள் பக்கத்து வீடு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெரு. குடும்பமே பிரான்சுக்குப் போய்விட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை ஒருவர் மட்டும் இருந்தார். எனக்கு உறவில்லை, தெருவுக்கே அத்தை. அவருக்குக் கண் பார்வை மங்கல். அங்கிருந்து வரும் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுவேன். பதிலையும் அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுவேன். அவருடைய தம்பி மகன் எனக்குச் சமவயது. எட்டாம் வகுப்பு வரை இங்கேதான் படித்தான். பிறகு அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். அத்தைக்குக் கடிதம் எழுதுவது அவன்தான்.

ஒரு நாள் அத்தைக்காகப் பதில் எழுதும்போது கடைசியில் இரண்டு வரி இடம் மிச்சம் இருந்தது. அத்தையைக் கேட்காமல் எழுதினேன்: 'வளைகோட்டின் ஒரு புள்ளியில் சரிவு என்றால் என்ன? அங்கே நடத்திவிட்டார்களா? இங்கே நடத்தமாட்டார்களாம்.' மடித்து ஒட்டிவிட்டேன். போஸ்டாபீஸ் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் பயம் வந்தது.

இருபத்தைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மெல்லிய உறைக்குள் கட்டம் போட்ட தாள்கள். முதல் தாள் அத்தைக்கு. மற்ற மூன்றும் எனக்கு.

"என்னடி இது? எனக்கு ஒரு பக்கம், மிச்சமெல்லாம் கோடும் கட்டமுமா கெடக்கு?" என்றார் அத்தை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படிப்பு விஷயம் அத்தை."

"யாரு படிப்பு? அவன் படிப்பா, ஒன் படிப்பா?"

"ரெண்டு பேரு படிப்புந்தான்."

"நல்லாருக்கு. என் முட்டி வலிக்கு மருந்து கேட்டு எழுதச் சொன்னேனே, அத எழுதினியா, இல்ல அதுலயும் கோடு போட்டு விட்டியா?"

மருந்து பற்றி அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. பெரிய குளிர், பனி, பள்ளிக்கூடத்தில் யாரும் தமிழ் பேசுவதில்லை என்றுதான் இருந்தது. எனக்கு எழுதிய தாளின் உச்சியில் ஒரு நிபந்தனை: 'ஒரு கணக்குக்கு ஒரு செய்தி. ஊர்ச் செய்தி எழுதினால்தான் அடுத்த பதில். எல்லாரும் நலம் என்று எழுதினால் கிழித்துப் போடுவேன். பாலத்துக்குக் கீழே இன்னும் வலை காயப் போடுகிறார்களா? மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் எந்தக் கடை வரைக்கும் வருகிறது? போன மாங்கனித் திருவிழாவில் முதல் பழம் யார் வீட்டு மாடியிலிருந்து விழுந்தது? பார்த்து எழுது.'

அவன் போட்டுக் காட்டிய முதல் கணக்கே எனக்கு ஓடவில்லை. எத்தனை முறை போட்டாலும் அவன் விடை வரவில்லை. ஒரு வாரம் முட்டிவிட்டுத் தாளை அவளிடம் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதெல்லாம் ஏழு இல்லடி. ஒண்ணு."

"ஒண்ணுக்கு ஏன் இவ்ளோ பெரிய மூக்கு?"

"பிரெஞ்சுக்காரன் ஒண்ணு அப்படித்தான் இருக்கும். ஏழுன்னா நடுவுல ஒரு கோடு கிழிச்சிருப்பான். எங்க வீட்டுத் தகரப்பெட்டியில சைகோன் காகிதம் கட்டுக்கட்டா இருக்கு, எல்லாத்துலயும் இப்படித்தான்."

அவளுடைய வாப்பாவின் வாப்பா, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் பிரெஞ்சுப் பத்திரங்களைச் சின்ன வயதிலிருந்து விளையாட்டுக்கு எடுத்துப் பார்த்தவள் அவள். ஏழு என்று படித்ததை எல்லாம் ஒன்று என்று மாற்றிப் போட்டோம். விடை அப்படியே வந்தது. அன்றிலிருந்து கடிதம் இரண்டு பேருக்கும் பொது. கேள்வியை அவள் யோசிப்பாள், நான் எழுதுவேன். செய்தி சேகரிப்பது இரண்டு பேர் வேலை.

டீச்சர், அந்தச் செய்திக்காகத்தான் நான் முதன்முதலாக ஊரைப் பார்த்தேன். அதற்கு முன் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் தலையைக் குனிந்து நடந்தவள். மழையில் பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர் வாழைப்பழக் கடைக்கார அம்மாளின் முக்காலியைத் தொடும் என்பதும், உடனே அவர் கோட்டுச்சேரி பஸ் டிரைவரைத் திட்டத் தொடங்குவார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஏன் டிரைவரைத் திட்டினார் என்று அடுத்த கடிதத்தில் அவன் கேட்டான். போய்க் கேட்டோம். "அவன் பஸ்ஸ வேகமா திருப்புறான், அலை வந்து என் சீப்ப அடிச்சுட்டுப் போவுது" என்றார். அதையும் எழுதினோம். இரண்டு பக்கம் சிரித்து எழுதியிருந்தான்.

ஆனால் கணக்கில் நின்றுவிட்டோம். எங்கள் புத்தகத்தில் வகைக்கெழு, பெருமம், சிறுமம் என்று தமிழ். அவன் அதையெல்லாம் பிரெஞ்சில் படித்தவன். எங்கள் வார்த்தை அவனுக்குத் தெரியாது, அவன் வார்த்தை எங்களுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு அவன் எவ்வளவுதான் சொல்ல முடியும்? இரண்டு கடிதம் வீணாகப் போனது. மூன்றாவதில் அவன் கணக்கே எழுதவில்லை. ஒரு வேலை கொடுத்திருந்தான். 'அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்துப் படித்துறையில் ஒரு கழியை நட்டு, கடல் தண்ணீர் ஏறும்போது மணிக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று எழுதி அனுப்பு. முழுசாக ஏறி நிற்கும் வரை இருக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பொய் எழுதாதே.'

பள்ளிக்கூடத்தில் புவியியல் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டிலும் பொய் சொன்னோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் படியில் உட்கார்ந்தோம். மூங்கில் கழியில் அங்குலம் அங்குலமாகக் கரிக்கோடு போட்டிருந்தாள். அவள் வீட்டுக் கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். குடையும் தயிர்சாதமும் என் பொறுப்பு.

கடல் பக்கத்திலிருந்து உப்புக் காற்று. பாலத்துக்கு மேல் மாட்டு வண்டிகள். ஆறு பார்வைக்குச் சும்மா கிடந்தது. படகுக்காரர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கழியைப் பிடித்து நாங்கள் கோடு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ளைங்களா, ஆத்துக்குச் சட்ட தைக்கப் போறீங்களா, அளவு எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "ஆமாண்ணே. கை வச்சுத் தைக்கிறதா, கை இல்லாமலான்னு கேட்டுச் சொல்லுங்க."

"கை வச்சே தைங்க. வெயில் காலம் வருது."

முதல் மணியில் ஒன்றரை அங்குலம்தான் ஏறியது. அடுத்த மணியில் நாலு. அதற்கடுத்த இரண்டு மணியிலும் ஆறாறு. தண்ணீர் ஓடி வருவது கண்ணுக்கே தெரிந்தது, நாங்கள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தோம். பிறகு மறுபடி நாலு. ஆறாவது மணியில் ஒன்று. அதற்குப் பிறகு கரிக்கோட்டின் மேல் தண்ணீர் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள். நோட்டில் இருந்த எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இந்த அங்குலத்த எல்லாம் திருப்பிக் கூட்டுனா மொத்தம் எவ்ளோ ஏறுச்சுன்னு வந்துடும், இல்ல?"

"அது சின்னப் புள்ள கூட்டல்டி."

"அதில்லடி. மணிக்கு ஒரு தடவ இல்லாம நிமிஷத்துக்கு ஒரு தடவ அளந்தா? அப்பவும் கூட்டலாம்ல? வேகம் மட்டும் தெரிஞ்சா போதும், உயரத்தக் கண்டுபிடிச்சுடலாம்."

எனக்குப் புரியவில்லை. பசி வேறு. "சரி சரி, சாப்பிடு" என்றேன். தொகையிடல் என்று ஒரு பாடம் இருப்பதும், அவள் அதன் வாசலில் நிற்பதும் எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் இன்னும் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

பதில் மாசி மாதம் வந்தது. கட்டம் போட்ட தாளில் எங்கள் அரசலாறு. நாங்கள் அனுப்பிய அங்குலங்களைப் புள்ளியாக வைத்து வளைகோடு வரைந்திருந்தான். ஒவ்வொரு மணிக்கும் கோட்டின் மேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்தது மாதிரி ஒரு நேர்கோடு. அடியில் கொஞ்சம் சாய்ந்த கோடு, நடுவில் செங்குத்தாக ஏறும் கோடு, உச்சியில் படுத்துவிட்ட கோடு. கீழே எழுதியிருந்தான்: 'இந்தச் சாய்மானத்துக்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. பெயர் கிடக்கட்டும். தண்ணீர் நின்ற இடத்தில் சாய்மானம் இல்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடமும்.'

புத்தகத்தைத் திறந்தேன். அதுவரை எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த பக்கம் அப்படியே நிமிர்ந்து நின்றது. அந்தச் சாய்மானம்தான் வகைக்கெழு. அது சுழியாகும் இடத்தில் பெருமம். நான் அதைப் படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் அவள் வீட்டு மாடியில் நாங்கள் இரண்டு பேரும் பயிற்சிக் கணக்கை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். அவள் உம்மா மேலே வந்து, "ரெண்டும் பேய் புடிச்ச மாதிரி சிரிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் அதற்குப் பிறகு எத்தனை வந்தது என்று எண்ணினால் ஒரு கை போதும்.

முழுஆண்டுத் தேர்வு வந்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும் வகுப்பில் பாதிப் பேர் அழுதார்கள். கால்குலஸ் நிறையவே வந்திருந்தது. நான் வகையிடல் கணக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் பெரிய கணக்கு ஒன்று, வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. தொகையிடலைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. எனக்குத் தெரியாது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். தேர்வறையில் அவளுக்கு என் பின்னால் இடம், கடைசி மணி அடிக்கும் வரை எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு வாரம் கழித்து எங்கள் இரண்டு பேரையும் நீங்கள் கூப்பிட்டு அனுப்பினீர்கள். ஆசிரியர் அறை. மின்விசிறி நின்றிருந்தது. மேசையில் எங்கள் விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில்.

"எங்கடி கத்துக்கிட்டீங்க இத?" என்றீர்கள்.

குனிந்து பார்த்தேன். தசமப் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் காற்புள்ளி வைத்திருந்தோம். ஏழின் நடுவில் கோடு கிழித்திருந்தோம். கோணக் கணக்கில் டேன் என்று எழுத வேண்டிய இடத்தில், பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவது போல டி, ஜி என்று இரண்டே எழுத்து. நாலு மாதம் பிரான்சுத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கை அப்படியே பழகிவிட்டது. எங்களுக்கே தெரியவில்லை.

"இந்த ஸ்கூல்ல யாரும் இப்படி எழுதல. ரெண்டு பேரு மட்டும் எழுதியிருக்கீங்க, அதுவும் முன்ன பின்ன உக்காந்தவங்க. ஒருத்தி இன்னொருத்தியப் பாத்து எழுதியிருக்கா. யாருன்னு சொல்லிட்டா ஒருத்தியோட போகும். இல்லாட்டி ரெண்டு பேருக்கும் சைபர்."

நான் சொல்லியிருக்க வேண்டும். கடிதம் வருகிறது டீச்சர், இந்தத் தேசத்திலிருந்து, இன்னார் எழுதுகிறான் என்று. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பையனிடமிருந்து கடிதம் என்ற ஒரு வார்த்தை போதும். நடுவில் கட்டம் போட்ட தாளில் ஆறு இருந்தால் என்ன, கழி இருந்தால் என்ன? என் அப்பா அன்றைக்கே புத்தகப் பையை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். அத்தையின் வீட்டு வாசலைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும் போல.

"நான்தான் டீச்சர். அவளப் பாத்து எழுதினேன்," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் வருவதுதான் அதிகம். ஆனால் அதற்காக உங்களை விட்டுவிட முடியாது.

அவளுக்குக் கணக்கில் சைபர் போட்டீர்கள். ஜூன் மாதம் அவள் மறுபடி பதினொன்றாம் வகுப்பில், வரலாற்று குரூப்பில் போய் உட்கார்ந்தாள். தொகையிடல் பற்றிய கடிதம் தேர்வு முடிந்து பத்தாம் நாள் வந்தது. நான் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதத்தானே நான் ஆத்துல சொன்னேன்?" என்றாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கடிதங்களைத் தொடவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனேன். தேறினேன். படித்தேன், வேலைக்குப் போனேன். எண்பதுகளின் நடுவில் அவன் ஊருக்கு வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான், தமிழ் மட்டும் எட்டாம் வகுப்பிலேயே நின்றிருந்தது. அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "ஆத்துல அளந்தீங்களே, இன்னொரு பொண்ணு, அது எங்க இப்ப? பெரிய கணக்குக்காரியா வந்திருக்கணுமே?" என்று கேட்டான். அவளுக்குக் கணக்கில் ஆசை போய்விட்டது என்று பொய் சொன்னேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். கண் தெரியாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் இன்றைக்கும் காரைக்காலில்தான் இருக்கிறாள். வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் மேடையில் பேசியதைச் சொன்னேன்.

"நீ என்ன பண்ணுன?"

"கை தட்டினேன்."

"தட்டுவ. நீ தட்டுவ," என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தாள். பிறகு இதை எழுதப்போவதாகச் சொன்னேன். "எழுது. என்னப் பாவமா மட்டும் எழுதாத. நான் ஒண்ணும் பாவமில்ல," என்றாள். அவள் பாவம் இல்லைதான். அண்ணனின் ஜவுளிக் கடையைப் பின்னால் இருந்து நடத்தியவள், மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். ஆனால் அவளுக்கு வேண்டியது அது இல்லை. வேண்டியது எது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

டீச்சர், உங்களுக்குக் கால்குலஸ் தெரியாதது குற்றம் இல்லை. உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒரே நாளில் தூக்கிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். 'எனக்கும் புதுசுதான், சேர்ந்து படிப்போம்' என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஆற்றங்கரைக்கு உங்களையும் அழைத்துப் போயிருப்போம்.

ஆனால் அந்த மேசையில் இரண்டு தாளும் விரிந்து கிடந்தன. கடைசிப் பக்கத்தை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். பரப்புக் கணக்கு இருக்க வேண்டிய இடம் என் தாளில் வெறும் வெள்ளை. அவள் தாளில் ஒன்றரைப் பக்கம், அடித்தல் இல்லாமல், கடைசியில் உங்களைப் போலவே இரண்டு கோடு போட்டு முடித்திருந்தாள். அதன் மேல் உங்கள் சிவப்பு மை குறுக்கே போயிருந்தது.

எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வரச் சொல்லிக் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்யவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் முதலில் நான் மேடை ஏறி, வாய் திறக்காமல் நின்றவள் நான்தான் என்று சொல்கிறேன். எனக்குப் பிறகு நீங்கள் மைக்கை வாங்குங்கள். அவளும் முன்வரிசையில் இருப்பாள். அத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: என் தாளில் இல்லாத கணக்கை அவள் எங்கிருந்து பார்த்து எழுதினாள்?